ரேடியோகிராபர் படிப்பும் மலையகத்தின் எக்ஸ்ரே அறைகளும்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றிய பிள்ளைக்கு மருத்துவபீடத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை என்று தெரியவரும் அன்று, தோட்டத்து வீடுகளில் அடுத்த பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: "இன்னொரு தடவ எழுதட்டுமா, இல்லாட்டி டீச்சிங்குக்கே போயிடட்டுமா?" பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் ரேடியோகிராபி என்ற பாடநெறியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டி இது இன்ன வேலை, இப்படிப் படிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. பக்கத்து லயத்தில் ஆசிரியர் இருப்பார், கங்காணியின் மகன் கிராம சேவகராக இருப்பார், தாதியாகப் போன ஒரு பிள்ளையும் இருக்கக்கூடும். ரேடியோகிராபர் இருப்பது அபூர்வம். "எக்ஸ்ரே எடுக்கிற வேலை" என்ற ஒற்றை விளக்கத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. விளக்கம் பிழையில்லை, மேசனைக் கல் அடுக்குகிறவர் என்று சொல்வதைப் போல, அது போதாது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் ரேடியோலஜிக் டெக்னாலஜிஸ்ட் என்று அழைக்கப்படுபவரைத்தான் பிரித்தானிய மரபைப் பின்பற்றும் இலங்கையில் ரேடியோகிராபர் என்கிறோம். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லி அறிக்கை எழுதுபவர் ரேடியோலஜிஸ்ட். அவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன் பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தில் தனித்துறைப் பயிற்சி முடித்த வைத்திய நிபுணர். ரேடியோகிராபர் அந்தப் படத்தை உருவாக்குபவர். எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிரை, உடலின் எவ்வளவு பரப்பில் பாய்ச்சினால் வைத்தியர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர். இதன் இன்னொரு கிளை கதிர்ச்சிகிச்சை. அங்கே அதே துறையினர் படம் எடுப்பதோடு நிற்காமல், புற்றுநோய்க் கட்டிகளுக்குத் திட்டமிட்ட அளவில் கதிர்வீச்சைச் செலுத்துகிறார்கள்.

இந்தத் தொழிலுக்குப் போக நாட்டில் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. முதலாவது பட்டப்படிப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் ரேடியோகிராபியில் 4 ஆண்டுச் சிறப்புப் பட்டத்தை வழங்குகிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ரயில் ஏறும் பிள்ளை வண்டி மாறாமல் பேராதனைச் சந்தியில் போய் இறங்கிவிடலாம். மலையக மாணவருக்கு இதைவிட அருகில் இந்தப் படிப்பு வேறெங்கும் இல்லை. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இதே துறையில் பட்டப்படிப்பு உண்டு, ஆனால் அதன் தெரிவுமுறை வேறு. பேராதனைக்கான அனுமதி, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியின்படி நடக்கிறது. நாடளாவிய திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட ஒதுக்கீட்டில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனத் தனியாக 5 வீதம் என்பது அனுமதியின் பொதுவான கணக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. மருத்துவபீடத்துக்கு எட்டாத புள்ளியோடு இந்த மாவட்டங்களிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர், விருப்பத் தெரிவுகளில் ரேடியோகிராபியை எந்த இடத்தில் எழுதுகிறார் என்பதே சில வேளை முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. விருப்பத் தெரிவுப் பட்டியலைக் கடைசி நாளில், தொடர்பாடல் நிலையத்து மேசையில் சாய்ந்துகொண்டு நிரப்புவது நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம்.

இரண்டாவது வாசல் சுகாதார அமைச்சின் டிப்ளோமாப் பயிற்சி. கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு இணைந்த ரேடியோகிராபிப் பாடசாலை நெடுங்காலமாக இதை நடத்திவருகிறது. இதற்கு ஆண்டுதோறும் குறித்த திகதியில் அழைப்பு வரும் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது. அமைச்சுக்கு ஆள் தேவைப்படும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வெளியாகும். வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை வெள்ளிக்கிழமைகளில் பார்க்கும் பழக்கம் பாடசாலை நூலகங்களுக்கு இருந்தால், பல பிள்ளைகளுக்கு வழி திறக்கும்.

எந்த வாசலால் போனாலும் முடிவில் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவத்துக்குத் துணையான தொழில்களில் ஒன்றாக ரேடியோகிராபியும் பதிவு செய்யப்படுகிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகரங்களின் மதில்களில் "எக்ஸ்ரே, ஸ்கேன் டெக்னீசியன், 6 மாதத்தில் வேலை" என்ற வகை விளம்பரங்கள் அடிக்கடி ஒட்டப்படுகின்றன. பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருத்துவ சபையில் பதிய முடியுமா என்பதுதான். பதில் வழவழவென்று வந்தால், கொழுந்தெடுத்துச் சேர்த்த அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்திருப்பது மேல்.

இனிப் படிப்புக்குள் போவோம். பலரை முதல் ஆண்டிலேயே திகைக்க வைப்பது பௌதிகவியல். எக்ஸ்ரே குழாய்க்குள் சூடேற்றப்பட்ட இழையிலிருந்து கிளம்பும் இலத்திரன்கள், பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தால் முடுக்கப்பட்டு டங்ஸ்டன் இலக்கில் போய் மோதுகின்றன. அவை கொண்டுசெல்லும் சக்தியில் ஏறத்தாழ 99 வீதம் வெப்பமாகப் போய்விட, மிஞ்சும் 1 வீதமளவே எக்ஸ் கதிராக மாறுகிறது. அந்த வெப்பத்தில் இலக்கு உருகாமல் இருக்கத்தான் அதைச் சுழலவிடுகிறார்கள். பொத்தானைப் பாதி அழுத்தியதும் அறைக்குள் கேட்கும் "உர்ர்" என்ற இரைச்சல் அந்தச் சுழற்சியின் ஒலி. நோயாளி அதைக் கேட்டுப் படம் எடுத்தாயிற்று என்று மூச்சை விட்டுவிடுவதும் உண்டு. உண்மையான கதிர்வீச்சு அதற்கு அடுத்த கணத்தில்தான், ஒரு விநாடியின் சிறு பங்கில் நடந்து முடிகிறது.

மாணவர் கையாளக் கற்கும் முக்கிய அளவுகள் இரண்டு: கிலோவோல்ட், மில்லி அம்பியர் விநாடி. முன்னது கதிரின் ஊடுருவும் வலிமையையும், பின்னது அதன் அளவையும் தீர்மானிக்கின்றன. தடித்த மனிதரின் இடுப்பெலும்புக்கும் மெலிந்த குழந்தையின் மணிக்கட்டுக்கும் ஒரே அளவைக் கொடுக்க முடியாது. இன்றைய டிஜிட்டல் இயந்திரங்களில் முன்கூட்டியே பதிந்த அளவுகள் இருப்பதால் இந்த அறிவு தேவையில்லாமல் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் நிலைமை நேர்மாறானது. பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கருத்து, தவறு உடனே கண்ணில் பட்டது. இப்போது கூடுதலாகக் கொடுத்த கதிரைக் கணினி சரிப்படுத்தி அழகான படமாகக் காட்டிவிடுவதால், நோயாளிக்குத் தேவையின்றிப் போன கதிர் யார் கண்ணிலும் படாமல் போய்விடக்கூடும். தெரிந்த கைக்குத்தான் அங்கே கூடுதல் பொறுப்பு.

கதிர்ப் பாதுகாப்பு இந்தப் படிப்பின் முதுகெலும்பு. வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8ஆம் திகதி. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதைக் கையாண்டவர்களின் விரல்கள் புண்ணாகிக் கழன்றன. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து 1904இல் இறந்தார். முதலாம் உலகப் போரின்போது மேரி கியூரி நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை இயக்குவதற்கென ஏறத்தாழ 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவர் அல்லாதவர்களுக்கு இந்தத் தொழிலைத் திட்டமிட்டுக் கற்பித்த ஆரம்ப முயற்சிகளில் அதுவும் ஒன்று, ஆனால் இன்றுள்ள பாதுகாப்பு அவர்களுக்கு இருக்கவில்லை.

இன்றைய விதிகள் அந்த இழப்புகளிலிருந்து பிறந்தவை. தொழிலில் இருப்பவர் பெறக்கூடிய கதிரளவு, 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது, எந்தத் தனி ஆண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் பரிந்துரை. பொதுமக்களுக்கு அந்த எல்லை ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். தான் கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்த ஊழியரின் வயிற்றுக் குழந்தைக்கும் அதே 1தான். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தல் சபை, கதிர்வீச்சு இயந்திரங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிக்கிறது. ஊழியரின் சட்டையில் குத்தியிருக்கும் சிறு பட்டை அவருக்குக் கிடைக்கும் கதிரின் கணக்கைச் சேமிக்கிறது. அதை அவ்வப்போது அனுப்பி அளந்து பார்ப்பார்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை ஆகாது, கதிர் அடிக்கும்" என்ற பேச்சு நம்மிடம் பலமாக இருப்பதால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயே எடுக்காத மனிதருக்கும் மண், பாறை, காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நெஞ்சுப் படம் ஒன்றில் நோயாளிக்குப் போவது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வயிற்றுக்கான சீடீ ஸ்கேனில் அது 8 முதல் 10 வரை போகலாம். ஈயம் பதித்த சுவருக்குப் பின்னால் நிற்கும் ரேடியோகிராபருக்கு அந்த நெஞ்சுப் படத்தால் சேர்வது மிகமிகச் சொற்பம். விடுதிக் கட்டிலுக்கே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டுபோய் எடுக்கும்போது சுவர் இல்லை. அங்கே தூரம்தான் கவசம். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால் அவர்மேல் படுவது நான்கில் ஒன்றாகக் குறையும். உயர்தரப் பௌதிகவியலில் மனனம் செய்த அந்த நேர்மாறு வர்க்க விதி, இங்கே காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் விதியாக மாறுகிறது. பெண்கள் இந்தத் தொழிலைத் தவிர்க்க வேண்டிய காரணம் எதையும் இந்த எண்களில் நான் காணவில்லை.

பாடநூலின் பௌதிகவியலும் உடற்கூற்றியலும் ஒன்றுசேர்ந்து மனிதரின் உடலில் வேலை செய்யும் இடம் நோயாளியை நிறுத்தும் முறை. பட்டப்படிப்பிலும் டிப்ளோமாவிலும் வைத்தியசாலைப் பயிற்சிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கப்படுவது இதற்காகத்தான். மிகச் சாதாரணமான நெஞ்சுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நோயாளி நெஞ்சைப் படம் பதியும் தட்டில் பதித்து முதுகைக் குழாய்க்குக் காட்டி நிற்க வேண்டும். இதயம் தட்டுக்கு அருகில் இருந்தால்தான் அதன் நிழல் பெருத்துத் தெரியாது. குழாய்க்கும் தட்டுக்கும் இடையே 180 சென்டிமீட்டர் தூரம். நாடியை உயர்த்தி, புறங்கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்னே தள்ள வேண்டும். அப்போது தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் பரப்பை விட்டு விலகும். பிறகு மூச்சை நிறைய இழுத்து அடக்க வேண்டும்.

இதில் பாடநூலில் ஓரிரு வரியாகவும் நம் ஊரில் ஒவ்வொரு நாளும் வரும் விடயமாகவும் இருப்பது தலைமுடி. எண்ணெய் தடவிப் பின்னிய அடர்ந்த சடை தோளில் கிடந்தால், அதன் நிழல் நுரையீரலின் உச்சியில் வெண்கோடுகளாக விழும். காசநோய் பெரியவர்களில் விரும்பிக் குடியேறும் இடமும் நுரையீரலின் உச்சிதான். சடையைத் தூக்கிக் கொண்டையாக முடியச் சொல்லாத ஒரு கவனக்குறைவால், நோயே இல்லாத பெண்ணுக்கு இல்லாத சந்தேகம் ஒன்று பிறந்துவிடலாம். அடுத்தது தாலி. உலோகம் படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் கழற்றச் சொல்வது வழமை. தாலியைக் கழற்றுமாறு கேட்கும்போது ஒரு தாயின் முகம் எப்படி மாறும் என்பது தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "கழற்ற வேணாம் அம்மா, கொடியத் தூக்கிப் பின்கழுத்துக்கு மேல முடிஞ்சு விடுங்க, போதும்" என்று சொல்லத் தெரிந்தவரிடம் அந்த நோயாளி மிச்சக் கட்டளைகளையும் பதற்றமில்லாமல் கேட்பார்.

மூச்சு விடயத்தில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை இருமலுக்காக ஒரு மலை நகரத்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு உள்ளிருந்து வந்த சத்தம் கேட்டது: "ஹுஸ்ம கன்ன... அல்லகென இன்ன." மூச்சை இழுங்கள், பிடித்துக்கொண்டிருங்கள் என்பது அதன் பொருள். அம்மாவுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் வரும். ஐயா ஏதோ சொல்கிறார் என்று விளங்கியதும் அவர் மரியாதையாக "சரிங்க ஐயா" என்று பதில் சொன்னார். அந்த இரண்டு சொற்களோடு நெஞ்சிலிருந்த மூச்செல்லாம் வெளியே போயிற்று. மூச்சு வெளியேறிய நெஞ்சின் படத்தில் இதயம் வீங்கியதைப் போலத் தெரியும், நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கிப் புகைபடிந்ததைப் போலிருக்கும். ஆகவே படம் மறுபடி எடுக்கப்பட்டது. மூன்றாவது முறைதான் யாரோ என்னை உள்ளே கூப்பிட்டு, ஈய அங்கி ஒன்றை மாட்டிவிட்டுத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். இயந்திரத்தில் குறையில்லை, ஊழியரும் கடிந்து பேசவில்லை. ஒரு படத்துக்குப் பதிலாக மூன்று படத்தின் கதிர் அம்மாவுக்குப் போனதற்குக் காரணம், இரண்டு சொற்கள் அவருக்கு விளங்காததுதான்.

இதனால்தான் மலையகத்தில் தமிழ் பேசும் ரேடியோகிராபர் தேவை என்பதை உணர்வின் பேரால் வைக்கும் கோரிக்கையாக மட்டும் நான் பார்க்கவில்லை. மொழி அங்கே தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி. நோயாளிக்கு விளங்கும் மொழியில் சரியான கணத்தில் சொல்லப்படும் "பிடிச்சுக்கங்க", ஈய அங்கியைப் போலவே கதிரைக் குறைக்கும் கருவி. தேவையான நான்கு தமிழ்ச் சொற்களைப் பாடமாக்கி வைத்திருக்கும் சிங்கள ரேடியோகிராபர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் அறையில் மறுபடம் குறைவாக இருக்கும் என்று துணிந்து சொல்வேன். அதே கடமை மறுபக்கமும் உண்டு. அரச நியமனம் பெறுபவர் மற்ற அரச மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி, முதல் நியமனம் மொனராகலைக்கோ அநுராதபுரத்துக்கோ வந்தால் அங்கே மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியது சிங்களத்தில்தான்.

பிள்ளைகள் ஏன் இந்த வாசல்வரை வந்து சேர்வதில்லை என்று கேட்டால், பிரச்சினை உயர்தரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்தப் படிப்புக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் அடித்தளம்; இவற்றைக் கற்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலைகள் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் மிகக் குறைவு. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். அதுவரை அவை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றவை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும், பஸ் வசதியில்லை, டியூசனுக்குப் பணமில்லை, பௌதிகவியலுக்கு ஆசிரியரில்லை என்ற காரணங்களால் கலைப் பிரிவுக்குத் திரும்புவது இன்றும் நடக்கிறது. தப்பிப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்பவருக்கு அடுத்த மலை ஆங்கிலம். உயர்தரம்வரை "ஒளியியல்", "கதிர்த்தொழிற்பாடு" என்று தமிழில் படித்தவர் அதே பொருளை ஆங்கில விரிவுரையில் கேட்கும்போது, தெரிந்த விடயமே தெரியாததைப் போலத் தோன்றும். இது முதல் இரண்டு தவணைகளின் திகைப்பு. அறிவின் குறை என்று நினைத்துப் படிப்பை விட்டுவிடத் தேவையில்லை.

படித்து முடித்தவருக்கு மலைநாட்டிலேயே வேலைத்தளங்கள் உண்டு. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை, பதுளை, நுவரெலியா ஆகியவற்றோடு, இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் இருக்கிறது. ஆனால் பட்டம் கையில் கிடைத்ததும் நியமனம் தேடி வரும் என்று நினைக்கக்கூடாது. அது அமைச்சின் ஆட்சேர்ப்பைப் பொறுத்தது, காத்திருப்பு நீளலாம். இடைக்காலத்தில் தனியார் வைத்தியசாலைகளில் சேர்கிறார்கள், சிலர் வெளிநாடு போகிறார்கள். பிரித்தானியாவில் ரேடியோகிராபர் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர் என்பதால் அங்கே தனியாகப் பதிவு பெற வேண்டும், ஆங்கிலத் தேர்ச்சியையும் காட்ட வேண்டும். வேலை எங்கே என்றாலும் இரவுக் கடமையும் விடுமுறை நாள் அழைப்பும் அதோடு சேர்ந்தே வரும். மழைக்காலத்துச் சறுக்கலில் விழுந்து மணிக்கட்டை ஊன்றியவர்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. அந்த மணிக்கட்டுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படம் எடுக்க வேண்டும்; நேரே பார்த்தால் சரியாகத் தெரியும் எலும்பு பக்கவாட்டில் விலகியிருக்கலாம்.

பயிற்சியில் கடைசியாகக் கைவருவது, எனக்குத் தெரிந்த இத்துறையினர் சொல்வதைப் போல, ஒரு கேள்வியைக் கேட்கும் முறை. வயிறு, இடுப்புப் பகுதிகளைப் படம் எடுக்குமுன் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்ணிடம் கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, கடைசியாக மாதவிலக்கு வந்த திகதி எது என்று கேட்டாக வேண்டும். மாமியாரும் கொழுந்தனும் துணைக்கு வந்து நிற்கும் வாசலில் வைத்து அதைக் கேட்டால் வரும் பதில் "இல்லைங்க" என்பதாகத்தான் இருக்கும். தெரிந்த ரேடியோகிராபர் முதலில் உடை மாற்ற வேண்டும் என்று சொல்லி அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்பார். அப்போது அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவாள்.